வேரடி மண்ணோடு: 20 வருட ரோடோடென்ட்ரான் வீடு மாறிய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், செடி பிழைத்துவிட்டது. ஆனால் அதை ஒரு முறை அல்ல, இரண்டு முறை தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறைக்கு முழுக் காரணம் நான்தான். கொத்துக் கொத்தாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் புதரை, அதுவும் வளர்ந்ததை, இடம் மாற்றுவதுபற்றித் தேடினால் எப்படித் தோண்டுவது, எப்படித் தூக்குவது என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கிறது. அது சுலபமான பாதி. கஷ்டமான பாதி செடியை இறக்கி வைத்த பிறகு ஆரம்பிக்கிறது.

இங்கிலாந்தில், சர்ரே மாவட்டத்தின் கேம்பர்லியில் எட்டு வருடம் இருந்தோம். வீட்டோடு வந்த செடி அது. எங்களுக்கு முன் இருந்தவர்கள் நட்டு வைத்தது. 2020இல் அதற்கு ஏறக்குறைய 20 வயது, உயரம் 1.8 மீட்டர், அகலம் 2 மீட்டர். ‘பிங்க் பேர்ல்’ என்ற பழைய கலப்பு வகை. மே மாதம் நடுவில் பூக்கும், மொட்டில் அடர் ரோஜா நிறம், விரிய விரிய வெளுத்து ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். பக்கத்து ஊரான பாக்‌ஷாட்டில் இருந்த வாட்டரர் குடும்பத்து நாற்றுப்பண்ணை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது இந்த வகையை. அதாவது செடி தன் பிறந்த ஊர் மண்ணிலேயே நின்றுகொண்டிருந்தது. பின்னால் இதுதான் கதையின் முடிச்சு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

2020இல் முத்திரைத்தாள் வரிச் சலுகை வந்ததும் ஊரே வீடு மாறக் கிளம்பியது, நாங்களும் கிளம்பினோம். போகும் இடம் லண்டனின் வடமேற்கில் ஹாரோ பக்கம், 50 கிலோமீட்டருக்குள்தான். சோபாவைக் கூட விட்டுவிட்டு வரச் சம்மதித்த என் மனைவி, இந்தச் செடியை விட்டு வர மாட்டேன் என்றார். அவருக்குச் சொந்த ஊர் கோத்தகிரி. நீலகிரியில் சோலை ஓரங்களிலும் புல்வெளிகளிலும் சிவப்பாகப் பூத்து நிற்கும் காட்டுப்பூவரசும் ரோடோடென்ட்ரான்தான், தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ரோடோடென்ட்ரான். “எங்க ஊர்ல இது காட்டுல தானா நிக்கும், நீங்க என்னடான்னா தோட்டத்துல வச்சுத் தண்ணி ஊத்திட்டு இருக்கீங்க” என்று முதல் வருடம் கிண்டல் செய்தவர், எட்டாவது வருடம் அதை வீட்டு ஆள் போலப் பேச ஆரம்பித்திருந்தார். உதவிக்கு வந்த நண்பன் மட்டும் கடைசிவரை நியாயம் கேட்டான்: “அண்ணே, 40 பவுண்டு குடுத்தா கடையில புதுசே கிடைக்குமே, இதுக்கு எதுக்கு இந்தப் பாடு?” நல்ல கேள்விதான். என்னிடம் பதில் இல்லை.

ஒரு சட்ட விஷயம், இது பலருக்குத் தெரிவதில்லை. இங்கிலாந்தில் வீட்டை விற்றால், மண்ணில் வேர்விட்ட செடிகள் வீட்டோடு போய்விடும். எடுத்துக்கொண்டு போக வேண்டுமென்றால் ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும். விற்பவர் நிரப்பித் தரும் டிஏ10 என்ற படிவத்தில் திரைச்சீலை, அடுப்பு ஆகியவற்றோடு தோட்டத்துச் செடிகளுக்கும் இடம் இருக்கிறது. அதில் எழுதினோம், வாங்குபவர்கள் சரி என்றார்கள், குழியை மூடிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

சரி, 20 வருடச் செடியைப் பிடுங்கி நட முடியுமா? வேம்பையோ மாமரத்தையோ அப்படி எடுத்தால் ஆணிவேர் அறுந்து, பிழைப்பதே சந்தேகம். ரோடோடென்ட்ரானின் வேர் வேறு ஜாதி. ஆணிவேர் என்று ஒன்று ஆழமாக இறங்காது. தலைமுடிபோல மெல்லிய நார்வேர்கள் பின்னிப் பின்னி மேல்மண்ணிலேயே, பெரும்பாலும் முதல் 30 சென்டிமீட்டருக்குள், ஒரு தடித்த மிதியடிபோலப் படர்ந்து கிடக்கும். அந்த மிதியடியை உடைக்காமல் மண்ணோடு சேர்த்து வெட்டி எடுத்தால், தான் இடம் மாறியதே செடிக்குப் பாதிதான் தெரியும். இடம் மாற்ற ஏற்ற மாதம், இலை உதிர்க்காத செடி என்பதால், அக்டோபர் அல்லது மார்ச். எங்களுக்கு அக்டோபர் தானாக அமைந்தது. மண்ணில் சூடு மிச்சம் இருக்கும், மழையும் தொடங்கியிருக்கும், செடி புதிதாகத் துளிர்க்கும் வேலையில் இருக்காது.

எடுப்பதற்கு முந்தின இரண்டு நாள் நன்றாகத் தண்ணீர் விட்டேன், காய்ந்த மணல் கட்டியாக நிற்காது என்பதால். கிளைகளை வெட்டவில்லை, பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் குடைமடக்குவதுபோல மேல்நோக்கி இழுத்துக் கட்டினோம். தண்டிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி வட்டமாக அகழி தோண்டி, 35 சென்டிமீட்டர் ஆழம் போனதும் ஸ்பேடைச் சாய்த்து அடிப்பக்கம் குடைந்தோம். அந்த ஆழத்தில் வேரே கிட்டத்தட்ட இல்லை, வெறும் மஞ்சள் மணல். ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்துச் சணல் துணியைச் சுருட்டி உள்ளே தள்ளி, மறுபக்கம் சாய்த்து அதை உருவி விரித்து, மூட்டைபோல நான்கு முனையையும் தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினோம். எடையைத் தண்டில் பிடித்துத் தூக்கவே கூடாது, கட்டிக்கு அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் வேர் மண்ணுக்குள்ளேயே அறுந்துபோகும், வெளியில் தெரியாது.

தூக்குவது என்று சொல்லிவிட்டேன், உண்மையில் தூக்கவில்லை. அந்தக் கட்டி கால் கன மீட்டர் இருக்கும், ஈர மண், எப்படிக் குறைத்துப் போட்டாலும் 300 கிலோ. ஆறு பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற கொரோனா விதி இருந்த நேரம், நாங்கள் ஐந்து பேர். இரண்டு பலகையைக் குழிக்குள் சரிவாக வைத்துத் தார்ப்பாயில் ஏற்றித் தேர் இழுப்பதுபோல இழுத்தோம். பின்பக்கம் மின்தூக்கி வைத்த லூட்டன் வேன் (பெரிய பெட்டி வேன்) வாடகைக்கு எடுத்தது அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். இலைகளைப் பழைய படுக்கை விரிப்பால் மூடினோம், மூடிய வேன் என்றாலும் உள்ளே காற்று அடிக்கத்தான் செய்யும். காலை 8 மணிக்குத் தோண்ட ஆரம்பித்து மாலை இருட்டுவதற்குள் புதுக்குழியில் இறக்கியாகிவிட்டது. ஒரு கிளை முறிந்தது, அவ்வளவுதான் சேதம். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்ட நிம்மதியோடு தூங்கினேன்.

இப்போது நான் செய்த தப்புகளுக்கு வருகிறேன்.

ஹாரோ பக்கம் மண், லண்டன் களிமண். 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு அது. மழையில் பசைபோல ஒட்டும், வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதில் நான் ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அடியில் அமிலமண் செடிகளுக்கென்று விற்கும் கம்போஸ்ட் மூட்டைகளைக் கொட்டி, செடியை வைத்து, சுற்றியும் அதையே நிரப்பினேன். பார்க்க அழகாக இருந்தது. உண்மையில் நான் செய்தது, களிமண்ணில் ஒரு அண்டா செய்து அதற்குள் செடியை உட்கார வைத்த வேலை. சுற்றியுள்ள களிமண் தண்ணீரை உறிஞ்சாது, கம்போஸ்ட் எளிதாக உறிஞ்சும், அக்கம்பக்கத்து மழைத் தண்ணீரெல்லாம் இந்தக் குழியைத் தேடி வரும். போதாததற்கு அடியில் போட்ட கம்போஸ்ட் குளிர்காலத்தில் அமுங்கி, செடி நாலு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. நான் மேலே மரப்பட்டைத் தூள் போட்டுச் சமன் செய்தேன். மூச்சு விடுவதற்காகவே மேல்மண்ணில் வாழும் வேரைப் புதைத்துவிட்டு, மேலே போர்வையும் போர்த்தினேன்.

2021 ஏப்ரல் இங்கே விசித்திரமான மாதம், இரவெல்லாம் உறைபனி, பகலெல்லாம் வெயில், மழையே இல்லை. புதிதாக நட்டது காய்ந்துவிடுமே என்று தினமும் மாலை குழாயைத் திறந்து ஹோஸில் விட்டேன். பயபக்தியோடு, ஒரு மாதம். லண்டன் சுற்றுவட்டாரக் குழாய்த் தண்ணீரைக் கெட்டிலில் ஒரு வாரம் கொதிக்க வைத்தால் போதும், அடியில் வெள்ளையாகப் படியும். அந்தச் சுண்ணாம்பைத்தான் கரைத்துக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இல்லாமல் ஆகாது, ரோடோடென்ட்ரானுக்குச் சுண்ணாம்பு இருந்தால் ஆகாது, இதை யாராவது அப்போது என் காதில் போட்டிருக்கலாம்.

இதில் கொடுமை என்னவென்றால் மே மாதம் செடி பூத்துக் குலுங்கியது. 40 கொத்துக்கு மேல் இருக்கும். வாட்ஸாப்பில் படம் போட்டோம், உதவிய நால்வருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னோம், நண்பன்கூட வாயை மூடிக்கொண்டான். அந்த மொட்டுகள் முந்தின கோடையில் கேம்பர்லியில் இருக்கும்போதே உருவாகி முடிந்தவை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ரோடோடென்ட்ரான் அடுத்த வருட மொட்டை இந்த வருட ஜூலை, ஆகஸ்டிலேயே கட்டிவிடும். ஆகவே நட்ட முதல் வசந்தத்தில் பூப்பது பழைய மண்ணின் பூ. புது மண்ணைப்பற்றி அது எதுவும் சொல்லாது. பார்க்கப்போனால் அந்த மொட்டுகளில் பாதியையாவது மார்ச்சிலேயே கிள்ளிப்போட்டிருக்க வேண்டும், வேர் பிடிக்க வேண்டிய நேரத்தில் செடி தன் சேமிப்பையெல்லாம் பூவில் செலவழித்தது. யாருக்கு மனசு வரும்?

அந்த மே மாதம் மழை கொட்டித் தீர்த்தது, அண்டா நிரம்பியது. ஜூனில் வந்த புதுத்தளிர் எலுமிச்சை நிறத்தில் இருந்தது. நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் மஞ்சள், கோலம் போட்டதுபோல. பழைய இலைகள் பச்சையாகவே இருந்தன. இந்த இடத்தில் நான் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன், மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறைவு என்று உரம் வைத்தேன். தழைச்சத்துக் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியில் உள்ள பழைய இலை. புது இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துப் பிரச்சினை. ஜூலையில் இலை நுனிகள் கருக ஆரம்பித்தன, ஒரு பக்கக் கிளை தொங்கிப்போனது. மண் ஈரமாக இருக்கிறது, இலை தண்ணீர் இல்லாததுபோல் தொங்குகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம், அதையும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தெருவில் யாரும் மண்ணில் ரோடோடென்ட்ரான் வைப்பதில்லையே, தொட்டியில்தானே வைப்பார்கள் என்றார். ஒன்பது மாதத்துக்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்றைக்கே குழி ஓரத்து மண்ணைக் கிளறினேன். செங்கல் துண்டு, பழைய சுண்ணாம்புக் காரை, வீடு கட்டியவர்கள் விட்டுப்போன குப்பை. ஒரு பிடியில் வினிகர் ஊற்றினேன், சோடா போல நுரைத்தது. வாங்கி வந்த சோதனைப் பெட்டியில் பிஹெச் 7.3 காட்டியது. கேம்பர்லியிலிருந்து ஒரு வாளி மண் கொண்டுவந்திருந்தேன், அது 5. இந்த அளவுகோலில் ஒரு எண் கூடினால் அமிலத்தன்மை பத்தில் ஒன்றாகக் குறையும், ஆக என் செடி அமிலத்தன்மை சுமார் 200 மடங்கு குறைந்த மண்ணில் நின்றிருக்கிறது. ரோடோடென்ட்ரானுக்கு 4.5 முதல் 6 வரை வேண்டும். அதற்கு மேல் போனால் மண்ணில் இரும்பு இருந்தாலும் கரையாத வடிவத்துக்குப் போய்விடும், வேரால் எடுக்க முடியாது. கோத்தகிரியில் தேயிலைக்கும் காட்டுப்பூவரசுக்கும் ஒரே மண் ஒத்துப்போவது இதனால்தான், இரண்டும் அமில மண்ணுக்குப் பிறந்தவை. மனைவி இதைக் கேட்டுவிட்டு, இது தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்களே என்றார். சொல்லியிருப்பார்கள்.

ஒரு பழைய உதாரணம் அப்போது நினைவுக்கு வந்து என்னைக் குத்தியது. அஸ்காட்டில் டவர் கோர்ட் என்ற இடத்தில் ஜே. பி. ஸ்டீவன்சன் என்பவர் பெரிய ரோடோடென்ட்ரான் தொகுப்பை வளர்த்து வைத்திருந்தார். அவர் 1950இல் இறந்த பிறகு அந்தத் தொகுப்பை வின்ட்சர் பெரும்பூங்காவின் வேலி கார்டன்ஸுக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள், முற்றி வளர்ந்த பெரிய செடிகள் உட்பட. அந்த இடமாற்றத்தைப் படித்துத்தான் எனக்குத் தைரியமே வந்தது. ஆனால் அந்த இரண்டு இடமும் பக்கம் பக்கம், இரண்டும் அதே பாக்‌ஷாட் அமில மணல் பகுதி. அவர்கள் மாற்றியது இடத்தை மட்டும், நான் மண்ணையும் மாற்றிவிட்டேன். தூரத்தைப் பார்த்தேனே தவிர மண்ணைப் பார்க்கவில்லை.

ஜூலை வெயிலில் மறுபடி தோண்டினால் செத்துவிடும் என்பதால் அக்டோபர்வரை தாக்குப்பிடிக்க வைத்தேன். மேலே போட்ட மரப்பட்டையை விலக்கினேன், குழியின் தாழ்ந்த பக்கம் சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிட்டேன், வேர் எடுத்துக்கொள்ளும் வடிவில் விற்கும் கீலேட் இரும்பைக் கரைத்து இரண்டு முறை ஊற்றினேன். அது நோயைத் தீர்க்காது, ஆனால் மூன்று வாரத்தில் இலையில் கொஞ்சம் பச்சை திரும்பியது. கந்தகம் போட்டால் மண் அமிலமாகும் என்றும் படித்தேன். மணலில் அது சரி. இப்படிச் சுண்ணாம்பு கலந்த களிமண்ணில் எவ்வளவு போட்டாலும் சுண்ணாம்பு தின்றுவிடும், அந்த யோசனையை விட்டேன்.

2021 அக்டோபரில் இரண்டாவது முறை எடுத்தோம். முதல் முறையைவிட ரொம்பச் சுலபமாக வந்தது, அதுவே வயிற்றைக் கலக்கியது. ஒரு வருடமாகியும் ஒரு வேர்கூடச் சணல் துணி அளவைத் தாண்டி வெளியே போகவில்லை. கேம்பர்லி மண்ணுக்குள்ளேயே சுருண்டு கிடந்திருக்கிறது. அடிப்பக்கம் ஒரு விரல் அளவுக்குக் கறுத்து, சாக்கடை வாடை. கறுத்ததையெல்லாம் சீவி எடுத்தேன், மேல்பாதி வெளிர்பழுப்பாக நல்ல நிலையில் இருந்தது.

இந்த முறை குழியே கிடையாது. களிமண்ணின் மேற்பரப்பைத் தோட்ட ஃபோர்க்கால் குத்திக் கிளறி மட்டும் விட்டு, அதன் மேல் மருந்து ஏற்றாத மரக்கட்டைகளால் 2 மீட்டர் சதுரம், 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டினேன். நிரப்ப 1400 லிட்டர் தேவைப்பட்டது, 50 லிட்டர் மூட்டையில் 28. பாதி பைன் மரப்பட்டைத் துணுக்கு, பாதி அமிலமண் கம்போஸ்ட், கூட அந்த ஒரு வாளிக் கேம்பர்லி மண்ணை வேர்ப்பக்கமாகத் தூவினேன். இந்தக் குடும்பத்துச் செடிகளின் வேரில் கூடி வாழும் பூஞ்சை ஒன்று உண்டு, பழைய மண்ணோடு அதுவும் வரட்டும் என்ற நப்பாசை. செடிக்கு அடியில் வருவதை மட்டும் காலால் மிதித்து அமுக்கி, அதன்மேல் வைத்தோம். கட்டியின் தலை பாத்தி மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கும்படி பார்த்துக்கொண்டேன், பின்னால் அமுங்கும் என்று இப்போது தெரியுமே. மூடாக்கு தண்டைத் தொடாமல் வட்டமாக. மொட்டு நான்கைந்துதான் கட்டியிருந்தது, எல்லாவற்றையும் கிள்ளினேன்.

தண்ணீருக்கு வீட்டின் பின்கூரைக் குழாயில் இரண்டு பீப்பாய் இணைத்தேன், ஒவ்வொன்றும் 200 லிட்டர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். என் பின்கூரை 20 சதுர மீட்டர், 20 மில்லிமீட்டர் மழைக்கு இரண்டும் நிறைந்துவிடும். லண்டனில் இது பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன், 2022 வந்தது.

1935க்குப் பிறகு இங்கிலாந்தின் மிகவும் வறண்ட ஜூலை. 19ஆம் தேதி இந்த நாட்டில் முதல்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. மேட்டுப்பாத்தியின் குறை அப்போதுதான் தெரிந்தது, நீர் தேங்காது என்றால் நிற்கவும் நிற்காது. பீப்பாய் இரண்டும் காலி. மேற்குப் பக்கம் பழைய வேட்டியைக் கட்டி நிழல் செய்தேன், வேறு வழியில்லாமல் குழாய்த் தண்ணீரையே வாரம் இரண்டு முறை விட்டேன். சில வாரச் சுண்ணாம்பில் செடி சாகாது, தண்ணீர் இல்லாவிட்டால் செத்துவிடும். மழை திரும்பியதும் பீப்பாய்த் தண்ணீருக்கு மாறினேன். சில இலை ஓரம் கருகியது, அவ்வளவுதான். அந்த வெயிலிலும் புதுத்தளிர் பச்சையாக இருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதே கோடையில் அடித்தண்டிலிருந்து இரண்டு குருத்து விறுவிறுவென்று வளர்ந்தது, இலை ஒல்லியாக, அடர்பச்சையாக. செடி தெம்பாகிவிட்டது என்று மகிழ இருந்தவனைப் பெரியவர்தான் தடுத்தார். பழைய கலப்பு வகைகளைப் பெரும்பாலும் பான்டிகம் என்ற முரட்டு வகையின் வேரில் ஒட்டுக்கட்டியிருப்பார்கள், மேலே உள்ளது தளர்ந்தால் அடிச்செடி தலைதூக்கும். விட்டால் சில வருடத்தில் ரோஜா நிறம் போய் ஊதாப் பூதான் மிஞ்சும். பான்டிகம் இந்த நாட்டுக் காடுகளில் நம்மூர் உண்ணிச்செடிபோலப் பரவித் தொல்லை தருவது. கத்தரியால் வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால் மண்ணை விலக்கி, முளைத்த இடத்திலேயே பிய்த்து எடுத்தேன்.

2023 மேயில் 9 கொத்து. 2024 மேயில் எண்ணினேன், 31. ஒவ்வொரு மார்ச்சிலும் பாத்தி மண்ணைச் சோதிக்கிறேன், முதலில் 5.2 இருந்தது இப்போது 5.7, அடிக்களிமண்ணிலிருந்து மண்புழுவும் தண்ணீரும் சுண்ணாம்பை மெல்ல மேலே கொண்டுவருகின்றன போல. பாத்தியும் வருடத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமுங்குகிறது, வசந்தத்தில் பைன் பட்டை போட்டு ஏற்றுகிறேன். வேன், மரக்கட்டை, மூட்டைகள், பீப்பாய் எல்லாம் சேர்த்து 600 பவுண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 40 பவுண்டுச் செடி என்று சொன்ன நண்பனிடம் இந்தக் கணக்கை இன்னும் காட்டவில்லை.

இப்போது பெரியவருக்கும் ஒன்று வேண்டுமாம். 2023 இலையுதிர்காலத்தில் தாழ்ந்த கிளை ஒன்றின் அடியில் லேசாகக் கீறி, மண்ணில் அழுத்திக் கல் வைத்துப் பதியன் போட்டிருக்கிறேன். வேர்விட இரண்டு வருடமாவது ஆகும். பிடித்ததும் வெட்டித் தொட்டியில் வைத்துத்தான் தருவேன், கூடவே ஒரு பீப்பாயும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.